காய்ச்சல்மானியும் கருத்தடையும்

மாதவிடாய்ச் சுழற்சியோடு பெண்ணின் உடல் வெப்பநிலையும் ஏறி இறங்குவது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. அதை அளந்தவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு நினைவிலேயே இல்லை. உயர்கல்வி பெண்ணுடலுக்கு ஆகாது என்று 1873-இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் எழுதினார். அதை மறுக்க, மேரி புட்னம் ஜேக்கோபி என்ற மருத்துவர் பெண்களின் நாடித்துடிப்பையும் வெப்பநிலையையும் அளந்து, மாதவிடாய்க்காக ஓய்வு தேவையில்லை என்று வாதிட்டார். அந்த ஆய்வுக்கு 1876-இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. அங்குள்ள மருத்துவக் கல்லூரியிலோ அப்போது பெண்களுக்கு இடமே கிடையாது.

இந்த ஏற்றத்துக்கும் சூலகத்துக்கும் உள்ள தொடர்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர் டச்சு மருத்துவர் வான் டி வெல்டே. கருமுட்டை வெளியேறியதும் சூலகத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அதனால் வெப்பநிலை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடி, அடுத்த மாதவிடாய் வரை அப்படியே நிற்கிறது.

இதைக் குடும்பத் திட்டத்துக்குக் கொண்டுவந்தவர் மருத்துவர் அல்லர். ஜெர்மன் கத்தோலிக்கப் பாதிரியார் வில்ஹெல்ம் ஹில்லெபிராண்ட். ஜப்பானின் ஒகினோவும் ஆஸ்திரியாவின் க்னாவுஸும் 1920களில் வகுத்த நாள்கணக்கு முறையை நம்பிய அவருடைய பங்கு மக்களில் சிலர் எதிர்பாராமல் கருவுற்றனர். வான் டி வெல்டேயின் ஆய்வை அறிந்திருந்த அவர், 1930களின் நடுவில் நாள்கணக்கோடு வெப்பநிலையையும் குறித்துவரச் சொன்னார்.

விடிந்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே அளந்து வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். முந்தைய ஆறு நாள் அளவுகளைவிட மூன்று நாள் தொடர்ந்து கூடியிருந்தால், கருத்தரிக்கும் காலம் முடிந்தது. காய்ச்சலோ தூக்கக் கேடோ வந்தால் அன்றைய அளவு செல்லாது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: முட்டை வெளியேறிய பிறகுதான் வெப்பநிலை கூடும், விந்தணுவோ அதற்கு முன்பே உள்ளே சென்று ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். வெப்பநிலையை மட்டும் நம்புபவர்கள் சுழற்சியின் முதல் பாதி முழுவதும் விலகியிருக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்திரிய மருத்துவர் யோசெஃப் ரோட்சர் 1950களிலிருந்து இதோடு கருப்பைக் கழுத்துச் சளியின் மாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தார். இவ்வகை இரட்டைக் குறிமுறையைப் பின்பற்றிய 900 பெண்களைப் பற்றிய ஜெர்மன் ஆய்வு 2007-இல் வெளியானது: விதிகளை முழுமையாகப் பின்பற்றியபோது, ஆண்டுக்கு 100 பெண்களில் 0.4 பேரே எதிர்பாராமல் கருவுற்றனர். 2018-இல் அமெரிக்க அரசு, கருத்தடைக்கென ஒரு கைபேசிச் செயலியை முதன்முறையாக அனுமதித்தது. அதுவும் வெப்பநிலையை வைத்தே நாள் குறிக்கிறது.