விஞ்ஞானப் பட்டப் படிப்பின் நடுவே ஒரு தொழிலாண்டு: இங்கிலாந்தின் அனுபவத்தை முன்னிட்ட ஒரு விசாரணை

இங்கிலாந்தின் சர்வகலாசாலைகளில் ரசாயனமோ உயிரியலோ பௌதிகமோ பயிலும் மாணவர், இரண்டாம் ஆண்டு தொடங்கிய சில வாரங்களிலேயே, அடுத்த ஆண்டையும் வகுப்பிலே கழித்துப் பட்டம் பெறுவதா, அல்லது ஒரு மருந்துக் கம்பெனியிலோ அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்திலோ ஓராண்டு பணிபுரிந்துவிட்டு நான்காம் ஆண்டில் திரும்பி வந்து பட்டம் பெறுவதா என்று தீர்மானிக்க வேண்டியவராகிறார். இத்தீர்மானத்துக்கு இக்காலத்தில் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படும் அளவுகோல் உத்தியோக வாய்ப்பு. அது பொய்யான அளவுகோல் அன்று. எனினும் முதன்மையானதாகக் கொள்ளத் தக்கதும் அன்று என்பதே என் வாதம். அந்த ஆண்டு கல்வியின் அங்கமாக அமையுமிடத்து அதனை ஏற்க வேண்டும். கல்விக்குப் புறத்தே நிற்குமிடத்து, சம்பளம் எத்துணை நல்லதாயினும், மறுப்பதே நலம்.

'சாண்ட்விச் படிப்பு' என வழங்கும் இம்முறையின் சரித்திரமே இவ்வாதத்துக்கு முதல் ஆதாரம். 1903-இல் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், விஞ்ஞானமும் தொழிலும் அறிந்தவர்கள் போதிய அளவில் இல்லை என்ற கவலை நாட்டைப் பற்றியபோது, தேசியக் கொள்கையாக உயர்ந்தது. ரோல்ஸ் ராய்ஸ் ஸ்தாபனத்தை நடத்திய ஹைவ்ஸ் பிரபுவின் தலைமையில் 1955-இல் ஏற்பட்ட தேசியத் தொழில்நுட்ப விருதுகள் மன்றம், பட்டத்துக்கு நிகரான ஒரு டிப்ளோமாவை வகுத்தபோது, தொழிற்பயிற்சியைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே விதித்தது. அக்காலத்து மாணவர்களிற் பலர் ஒரு கம்பெனியால் அனுப்பப்பெற்று, அதன் ஊழியராகவே கல்லூரிக்கு வந்தவர்கள். ஆகையால் கல்லூரியும் தொழிற்சாலையும் ஒரே மனிதரை உருவாக்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டன. அவ்வழியில் வளர்ந்த கல்லூரிகளே 1966-இல் பிரூனல், சரே, பாத், ஆஸ்டன் முதலிய சர்வகலாசாலைகளாயின. இன்றைய மாணவரோ தாமே விண்ணப்பித்து, தாமே நேர்முகத் தேர்வில் வென்று, ஓராண்டு விருந்தினராக ஒரு கம்பெனிக்குள் நுழைகிறார். பகிர்ந்துகொள்ளப்பட்ட அந்தப் பழைய பொறுப்பு எங்கே எஞ்சியிருக்கிறது, எங்கே மறைந்துவிட்டது என்று ஆராய்ந்தறியும் வேலையும் அவர் தலைமேலேயே விழுகிறது.

தொழிலாண்டு முடித்துத் திரும்பியோர் இறுதியாண்டில் மேலான மதிப்பெண் பெறுகின்றனர் என்பதற்குச் சான்றுகள் உண்டு. மேற்கு இங்கிலாந்துச் சர்வகலாசாலையின் உயிரியல் மாணவர்களைப் பற்றி 2004-இல் வெளிவந்த ஆய்வு அத்தகைய நன்மையை ஏறத்தாழ நான்கு சதவிகிதமாகக் கணித்தது. ஆயினும், ஊக்கமும் திறமையும் மிக்கவர்களே இத்தகைய இடங்களை நாடுகின்றனர், அவர்களையே கம்பெனிகளும் தேர்ந்தெடுக்கின்றன. ஆதலால் காணப்படும் நன்மையில் எவ்வளவு அந்த ஆண்டுக்குரியது, எவ்வளவு அந்த மனிதருக்குரியது என்று பிரித்துக் கூறுவது எளிதன்று. சராசரிக் கணக்கு ஒரு தனி மாணவரின் தீர்மானத்துக்குப் போதிய வழிகாட்டி ஆகாது.

அந்த ஆண்டில் உண்மையாக நிகழக்கூடியது யாது என்பதே கேட்கத்தக்க கேள்வி. வகுப்பு ஆய்வுக்கூடத்தில் மாணவர் செய்யும் பரிசோதனையின் விடை முன்னரே தெரிந்தது. விடை தவறினால் தவறு மாணவருடையது என்பதும் முன்னரே முடிவானது. ஸ்டீவனேஜில் உள்ள மருந்து ஆராய்ச்சிக்கூடம் போன்றதோர் இடத்திலே, இதற்கு முன் ஒருவரும் உண்டாக்காத ஒரு சேர்மத்தைத் தயாரிக்க முனையும்போது, வினை நடவாமற்போனால் குறை கையிலா, கரைப்பானிலா, கருதுகோளிலேயேவா என்று சொல்ல எந்தப் புத்தகமும் இல்லை. குறிப்பேட்டில் எழுதப்படாத வேலை செய்யப்படாத வேலையாகவே கருதப்படும். எழுதியதைப் பின்னொருநாள் காப்புரிமை வழக்கிலும் பார்வையிடக்கூடும். பல மாதங்கள் உழைத்த ஒரு வரிசைச் சேர்மங்களை, நச்சுத்தன்மை பற்றிய ஒரே முடிவைக் கண்டு, குழுவினர் வருத்தமின்றிக் கைவிடுவதை அருகிருந்து காணும் இளைஞர், சான்றுக்குக் கட்டுப்படுதல் என்றால் என்னவென்று எந்தச் சொற்பொழிவும் புகட்ட இயலாத வகையில் அறிகிறார். இதனைக் கல்வி என்று சொல்ல நான் சிறிதும் தயங்கேன். இதற்கு மாறாக, ஒரே மாதிரி மாத்திரைகளை ஒரே கருவியிலிட்டு ஆண்டு முழுவதும் தூய்மை அளந்துகொண்டிருக்கும் பணி, நேர்மையான பணியே எனினும், முதல் சில வாரங்களுக்குப் பின் மாணவருக்குப் புதிதாக எதையும் அளிப்பதில்லை.

செலவையும் அலட்சியம் செய்தலாகாது. 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கு முழு ஆண்டுக் கட்டண உச்சவரம்பு 9,535 பவுன். தொழிலாண்டுக்கு அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு, அதாவது 1,905 பவுன் வரை வசூலிக்கலாம். ஆண்டு முழுவதும் சர்வகலாசாலையிடம் அவர் பெறுவது ஓரிரு முறை வரும் ஆசிரியரின் சந்திப்பும் ஓர் அறிக்கையின் மதிப்பீடும் மட்டுமாயின், இத்தொகை எதன்பொருட்டு என்று கேட்க அவருக்குப் பூரண உரிமை உண்டு. மேலும், பட்டப் படிப்பின் பகுதியாக ஓராண்டுக்கு மிகாமல் பணிபுரியும் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்துவதில்லை. பெரிய மருந்துக் கம்பெனிகள் சம்பளம் தருகின்றன. ஆனால் ஊதியமே தராத இடங்களையும் சட்டம் தடுப்பதில்லை. பெற்றோர் வீட்டிலிருந்து தூரத்தில், வாடகை கொடுத்துத் தங்கவேண்டிய ஏழை மாணவருக்கு அத்தகைய இடத்தை ஏற்குமாறு உபதேசிப்பது அநீதி என்றே சொல்வேன்.

துறைக்குத் துறையும் நியாயம் வேறுபடும். கொள்கைப் பௌதிகத்தையோ தூய கணிதத்தையோ நாடுபவருக்கு, கணித லாகவம் ஓராண்டு பயிற்சியின்றி மழுங்குவது மெய்யான நஷ்டம். கோடை விடுமுறையில் எட்டு வாரம் ஓர் ஆசிரியரிடம் ஆராய்ச்சி செய்வது அவருக்கு மேலும் பொருந்தும். ரசாயனத்திலும் உயிரியலிலும் நிலைமை அவ்வாறன்று. அங்கே கையின் தேர்ச்சியும் அறிவின் பகுதி.

ஆகவே நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மாணவர் கேட்க வேண்டியவை சிலவே: சென்ற ஆண்டு இவ்விடத்தில் இருந்தவர் எந்தப் பிரச்சினையை ஆராய்ந்தார், அவருடைய வேலையை வாரந்தோறும் பார்வையிட்டவர் யார், அவர் பெற்ற முடிவு எங்கே பயன்பட்டது. முன்னவர் இறுதியாண்டுக்குத் திரும்பியிருந்தால் அவரையே தேடிச் சென்று கேட்கலாம். பெரும்பாலும் அதே துறைக் கட்டிடத்தில்தான் இருப்பார். இக்கேள்விகளுக்குத் திட்டமான விடை தரும் இடம், பெயர் தெரியாத சிறு கம்பெனியாயினும், விளம்பரத்தால் பெரிதான ஒன்றைவிட மேலானது. விடை கிடைக்காதபோது, இரண்டாம் ஆண்டின் வசந்தத்திலேயே மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றிக்கொள்ளத் துறை அலுவலகத்தில் மனுச் செய்துவிடுவது உசிதம்; அவ்வாறு மாற்றிக்கொண்டதைத் தோல்வியாகக் கருத எந்த முகாந்தரமும் இல்லை.