தனித்த முளையமும் அதன் சூழலும்

தாயின் உடலுக்குப் புறத்தே முளையமொன்று உயிர்வாழ வேண்டுமாயின் அதற்கு வேண்டுவன யாவை? இருபதாம் நூற்றாண்டின் உயிரியலாளர் பலர் இவ்வினாவுக்குரிய விடையைச் சுண்டெலி முளையத்திடமே தேடினர். அவ்விடை காலந்தோறும் விரிவடைந்தமையே ஈண்டு நோக்கற்பாலது.

முதற்கண் உணவே விடையாகக் கொள்ளப்பட்டது. 1949 இல் ஹமண்ட் என்பார் எட்டுக்கல முளையங்களைக் கோழிமுட்டை சேர்ந்த உப்புக்கரைசலில் இட்டு, கருப்பையிற் பதிவதற்கு முந்திய அரும்பர்ச்சிறைப்பை நிலைவரை வளர்த்தார். 1956 இல் அவுஸ்திரேலியாவில் விற்றன், குளுக்கோசும் மாட்டின் அல்புமினும் கொண்ட எளிய கரைசலே அதற்குப் போதுமெனக் காட்டினார். இருகல முளையத்துக்குப் பைருவேற்று உகந்தது என்பதை 1965 இல் பிரின்ஸ்டர் நிறுவினார். எனினும், இவ்வாறு வளர்ந்தவை முழுமையான உயிர்களாகுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே. 1958 இலேயே அன் மக்லாரனும் ஜோன் பிகர்சும் வளர்ப்பூடகத்தில் வளர்ந்த முளையங்களை வளர்ப்புத் தாய்களின் கருப்பையிற் சேர்த்து, உயிருள்ள குட்டிகளைப் பெற்று அவ்வையத்தைப் போக்கியிருந்தனர்.

அடுத்த சோதனை குளிராகும். 1972 இல் விற்றிங்காம், லைபோ, மேசர் ஆகியோர் சுண்டெலி முளையங்களை −196 பாகை செல்சியசில் உறையவைத்து மீட்டனர். நிமிடத்துக்கு 0.3 முதல் 2 பாகை வரையான மெதுவான குளிரூட்டலே இவ்வெற்றியின் திறவுகோல். கலத்தினுள்ளே பனிக்கட்டி உருவாகுமுன் நீர் வெளியேற அது இடமளித்தது. இங்கும் குட்டிகளின் பிறப்பே இறுதிச் சான்றாயிற்று.

ஆயின் உணவும் காப்பும் மட்டும் போதுமானவையல்ல. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஸ்ரான்லி கோகன் 1962 இல் பிரித்தெடுத்த மேற்றோல் வளர்ச்சிக் காரணி, கலங்களுக்குச் செய்தி உணர்த்தும் புரதமாகும். 1990 இல் பாரியா, டே என்போர், தனித்து வளர்க்கப்பட்ட முளையங்கள் கூட்டமாக வளர்ந்தவற்றிலும் பின்தங்குவதைக் கண்டனர். ஊடகத்தில் இக்காரணியைச் சேர்த்தபோது தனித்தவற்றின் வளர்ச்சி மேம்பட்டது. முளையங்கள் தம்முள் ஒன்றற்கொன்று துணைசெய்கின்றன என்பது இதனாற் புலனாயிற்று. உறைதலிற் சில கலங்களை இழந்து மீளும் முளையத்துக்கு இத்துணை எவ்வளவு பயன்தரும் என்னும் வினா இதன்வழி எழுவதாகும்.

உறையவைத்த மனித முளையத்திலிருந்து 1984 இல் மெல்பேணிற் குழந்தை பிறந்தபின், இவ்வினாக்கள் சுண்டெலிக்கு மட்டும் உரியனவாக இல்லை. வளர்ச்சிக் காரணி சேர்ப்பதனால் அரும்பர்ச்சிறைப்பைகளின் தொகை கூடலாம். அது மட்டும் வெற்றியாகாது. குறைவற்ற பிறப்பு என்னும் 1958 ஆம் ஆண்டின் அளவுகோலே இன்றும் கைக்கொள்ளத் தக்கது.