நரந்தமும் செராயும்

எலுமிச்சை மணம் எலுமிச்சங் கனிக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டார் சமையலுக்கும் மருந்துக்கும் போற்றி வளர்க்கும் 'மெலிசா' என்னும் சிறு செடியின் இலையிலும் அம்மணம் உண்டு. கிரேக்க மொழியில் மெலிசா என்பது தேனீயின் பெயர். குளிர்ந்த காற்றை விரும்பும் அச்செடியின் இடத்தை, வெப்பம் மிக்க பேராக் சமவெளியில் ஒரு புல் பெற்றிருக்கிறது. மலாய்க்காரர் அதனைச் 'செராய்' என்பர். செடியும் புல்லும் வேறு வேறு குடும்பத்தன. எனினும் சிட்ரால் என்னும் பொருளே இரண்டிலும் எலுமிச்சை மணத்தைத் தருகிறது.

இப்புல்லினம் தமிழுக்குப் புதியதன்று. ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இமயத்துக் கவரிமா நரந்தை என்னும் நறும்புல்லை மேய்வதைப் புறநானூற்று 132ஆம் பாட்டிற் காட்டுகிறார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களுள்ளும் நரந்தம் உண்டு. அதற்கு நாரத்தம்பூ எனப் பொருள் கொள்வர். புல்லும் மரமும் ஒரு பெயர் பெற்றமைக்கு மணமே காரணம் எனக் கொள்வது பொருந்தும். இமயப் புல்லும் பேராக் செராயும் ஒன்றே எனல் மிகை. மணத்தால் உறவுடையன எனல் அமையும்.

1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்றன. பின்னர்த் தோட்டங்கள் பெருகத் தமிழர் பெருந்தொகையாய் வந்தனர். பேராக்கையும் உள்ளிட்ட கூட்டு மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுடைய தொழிலாளிக்குப் பயிரிட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப் பணித்தது. அஃதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி. சட்டம் எங்கும் ஒருபடித்தாய் நிறைவேறவில்லை. ஆயினும் லயத்து வீடுகளை அடுத்த நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் தழைத்தன. மலாய் அடுக்களையின் செராயும் அவற்றோடு இடம் பெற்றது.

செராய் பூப்பது அரிது. ஆதலால் விதையை நம்பாமல் தூரைப் பிரித்து நடுவர். ஒரு வீட்டின் தூர் அடுத்த வீட்டின் தூராகும். வெயில் வேண்டும், நீர் தேங்கலாகாது. வெண்மையான அடித்தண்டை நசுக்கிப் புளியிட்ட மீன் குழம்பில் போட்டுக் கொதித்தபின் எடுத்துவிடுவர். இலையை இஞ்சியோடு காய்ச்சிப் பருகுவர்.

1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பின்னர் ரப்பர் நின்ற இடத்தில் எண்ணெய்ப்பனை வந்தது. லயத்தை விட்டு ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தோர் அந்நிலத்தையும் விட்டு வந்தனர். செராய்க்கு ஒரு பூந்தொட்டி போதும், அது பிழைத்துக்கொள்ளும். ஆனால் எந்தச் செடி எந்த லயத்தில் யார் கையால் நடப்பெற்றது என்னும் செய்தி தொட்டியில் வளராது.

மலாய்ச் சொல்லை நாம் ஏற்றதில் இழுக்கில்லை. பயிரைத் தந்தவர் பெயரையும் தந்தனர். நரந்தையை மறந்ததே இழப்பு. புறநானூற்று 132ஆம் பாட்டை நடத்தும் ஆசிரியர் 'ஒருவகைப் புல்' என்று எழுதிப் போட்டுக் கடந்துவிடலாகாது. ஒரு செராய்த் தண்டை வகுப்பில் நசுக்கிக் காட்டுக. பின், பாட்டியின் தோட்டத்தில் என்னென்ன வளர்ந்தன என்று கேட்டு எழுதிவர மாணவரை ஏவுக. உரைநூல் சொல்லாததை அம்மணமும் அம்மூதாட்டியரும் சொல்வர்.