தங்காத பயிற்சி: ஆன் பிரவுனின் ஆய்வு வாழ்க்கையில் ஆய்வுக்கூடமும் வகுப்பறையும்

ஆன் லெஸ்லி பிரவுனின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அதை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். முதல் பாதியில் அவர் குழந்தைகளின் நினைவாற்றலை ஆய்வுக்கூடத்தில் அளந்த சோதனை உளவியலாளர். இரண்டாம் பாதியில் ஆய்வுக்கூடத்தை உதறிவிட்டு, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்துப் பள்ளிகளில் கற்கும் சமூகங்களை உருவாக்கிய கல்விச் சீர்திருத்தவாதி. இந்தச் சித்திரம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பிரவுன் கடைசிவரை துரத்தியது ஒரே கேள்வியைத்தான்: சொல்லிக்கொடுத்த ஒன்று, சொல்லிக்கொடுத்தவர் விலகியதும் ஏன் மாணவரிடம் தங்காமல் போகிறது? அந்தக் கேள்விதான் அவரை வகுப்பறைக்குள் இழுத்தது. உள்ளே போன பிறகும் ஆய்வுக்கூடத்தின் அளவுகோல்களை அவர் கைவிடவில்லை. இந்தத் தொடர்ச்சியைக் காணத் தவறியதால்தான், அவர் பெயரைச் சொல்லி நடத்தப்படும் பயிற்சிகள் பலவும் அவர் கண்டறிந்ததற்கு நேர் எதிராக அமைகின்றன.

வாழ்க்கைக் குறிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1943-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். டிஸ்லெக்சியா காரணமாக 13 வயதில்தான் வாசிக்கக் கற்றார். 1967-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் கற்பித்தபின் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சக ஆய்வாளரான ஜோசப் காம்பியோன் அவருடைய வாழ்க்கைத் துணையும் ஆனார். 1988-இல் இருவரும் பெர்க்லிக்கு இடம்பெயர்ந்தனர். 1993–94-இல் அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்தின் தலைவராக இருந்த பிரவுன், 1999 ஜூனில் 56 வயதில் காலமானார். தாமதமாக வாசிக்கக் கற்ற சிறுமியே பின்னாளில் வாசிப்பின் ஆய்வாளர் ஆனார் என்று சொல்லிவிட ஆசை எழும். ஆனால் அவருடைய ஆய்வுகள் வாசிப்பிலிருந்து தொடங்கவில்லை, மறதியிலிருந்து தொடங்கின.

1970-களில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் நினைவாற்றல் பற்றி ஏராளமான சோதனைகள் நடந்தன. பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால், மற்ற பிள்ளைகள் தாமாகவே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்கள், வகைபிரித்து அடுக்கிக்கொள்வார்கள். இந்தக் குழந்தைகள் அப்படிச் செய்வதில்லை. செய்யக் கற்றுக்கொடுத்தால் செய்கிறார்கள், மதிப்பெண்ணும் உயர்கிறது. அன்றைய ஆய்வாளர் பலருக்கு இதுவே போதுமான வெற்றியாக இருந்தது. பிரவுனும் காம்பியோனும் அடுத்த நாளைப் பார்த்தார்கள். தூண்டுவதற்கு ஆள் இல்லாதபோது குழந்தைகள் பழைய நிலைக்கே திரும்பினார்கள். கற்ற உத்தி கைவசம் இருந்தும், அதை எடுக்க வேண்டிய தருணம் இதுதான் என்ற உணர்வு வரவில்லை.

இந்த இடைவெளியை அவர்கள் அளந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை படங்கள் நினைவில் நிற்கும் என்று முதலில் கண்டுகொண்டார்கள். பிறகு அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள படப் பட்டியலைக் கொடுத்து, 'எல்லாம் நினைவில் நிற்கிறது என்று உனக்கே உறுதியாகத் தோன்றும்வரை படி, பிறகு சொல்' என்றார்கள். நேரக் கட்டுப்பாடு கிடையாது. குழந்தைகள் கொஞ்ச நேரத்திலேயே தயார் என்றார்கள், ஆனால் தயாராக இல்லை. இங்கே அளக்கப்பட்டது நினைவு மட்டுமன்று, தன் நினைவைப் பற்றி அந்தக் குழந்தை போடும் கணக்கும் சேர்த்துத்தான். ஒரு குழுவுக்குப் படங்களின் பெயரைச் சொல்லிப் பழக மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றக் குழுக்களுக்குத் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் உத்திகளைக் கற்றுக்கொடுத்தார்கள்: அடுத்த படத்தைத் திருப்பும் முன் அது என்னவென்று முன்கூட்டிச் சொல்லிப் பார்ப்பது அவற்றில் ஒன்று. கிரெய்க் பார்க்லேயுடன் 1976-இலும் 1979-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் முடிவுகள் உள்ளன. தன்னைச் சோதிக்கக் கற்ற குழந்தைகளில் மூத்தவர்கள் ஓராண்டு கழித்தும் அதை விடவில்லை. அதோடு, படப் பட்டியலில் கற்றதைக் கதைப் பகுதிகளைப் படிக்கவும் கொண்டுபோனார்கள். இளையவர்களிடம் அது தங்கவில்லை. இந்த வேறுபாட்டையும் மறைக்காமல் எழுதியது அந்த ஆய்வின் மதிப்பைக் கூட்டுகிறது.

மெட்டாகாக்னிஷன் எனப்படும் அறிதலைப் பற்றிய அறிதலை உளவியலாளர் ஜான் ஃப்ளேவெல் முன்வைத்த காலம் அது. பிரவுன் அதை இரு கூறுகளாகப் பிரித்துப் பார்த்தார்: தன் அறிவைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது ஒன்று, வேலை நடக்கும்போதே அதைக் கண்காணித்துத் திருத்திக்கொள்வது மற்றொன்று. முதலாவதைக் கேள்வித்தாள் வைத்துக் கேட்டுவிடலாம். இரண்டாவதை நடக்கும்போதுதான் பார்க்க முடியும். பிரவுனின் கவனம் முழுக்க இரண்டாவதன்மேல் இருந்தது. 1981-இல் காம்பியோன், ஜீன் டே ஆகியோருடன் எழுதிய கட்டுரையில் பயிற்சிகளை மூன்றாக வகுத்தார். காரணம் சொல்லாமல் செய்யச் சொல்வது குருட்டுப் பயிற்சி. ஏன், எப்போது என்று விளக்கிச் செய்யச் சொல்வது அறிவித்த பயிற்சி. இவற்றோடு, தன் வேலையைத் தானே மேற்பார்வை செய்யவும் கற்றுக்கொடுப்பது மூன்றாவது. கற்றல் மாற்றம், அதாவது ஓரிடத்தில் கற்றது வேறிடத்திலும் பயன்படுவது, வேண்டுமானால் மூன்றாவது வகைக்குப் போயாக வேண்டும் என்பது அவர் முடிவு. நம் ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் கற்றல் மாற்றம் என்ற தலைப்பு முன்னோடி உளவியலாளர்களான தார்ன்டைக்கோடும் ஜட்டோடும் நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அவர்கள் விட்ட இடத்திலிருந்து ஆசிரியர் என்ன செய்யலாம் என்பதற்கு இந்த வகைப்பாடு வழிகாட்டுகிறது.

இல்லினாயில் வாசிப்பு ஆய்வு மையம் இருந்தது. அங்கே பிரவுனின் கேள்வி பட்டியல்களை விட்டுப் பாடப் பகுதிகளுக்கு நகர்ந்தது. டேயுடன் 1983-இல் வெளியிட்ட சுருக்கி எழுதுதல் பற்றிய ஆய்வு அதில் ஒரு படி. சின்ன வகுப்பு மாணவர்கள் முக்கியமற்றதை நீக்குவார்கள், மீதியை அப்படியே பார்த்து எழுதுவார்கள். பத்திக்குத் தலைவாக்கியம் இல்லையென்றால் தாமே ஒன்றைப் புனைந்துகொள்வதுதான் கடினமான விதி. அது மெல்லத்தான் கைகூடுகிறது. இரண்டாண்டுக் கல்லூரி மாணவர்கள்கூட இதில் ஏழாம் வகுப்பு மாணவர்களை ஒத்திருந்தார்கள். வயது ஏறினால் தானாக வந்துவிடும் திறன் அன்று இது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால்தான் அன்மரி பலின்சரும் பிரவுனும் 1984-இல் வெளியிட்ட பரஸ்பரக் கற்பித்தல் கட்டுரை விளங்கும். எழுத்துக்கூட்டி நன்றாக வாசிக்கத் தெரிந்தும் வாசித்தது புரியாத ஏழாம் வகுப்பு மாணவர்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பத்தியைப் படித்ததும் ஒருவர் ஆசிரியராகிப் பேச்சை நடத்த வேண்டும்: சுருக்கிச் சொல்ல வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், புரியாததைத் தெளிவாக்க வேண்டும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். அடுத்த பத்திக்கு இன்னொருவர். கட்டுரையில் ஒரு சிறுவனின் பேச்சு நாள்வாரியாகப் பதிவாகியுள்ளது. முதல் நாள் நச்சுப்பாம்புகள் பற்றிய பத்தி. கேள்வி கேட்க முயன்றவன் பாம்புப் பெயர்களை அடுக்கிவிட்டு, தனக்குச் சரியாக வரவில்லை என்று நிறுத்திவிடுகிறான். ஆசிரியை கேள்வியைப் பாதி உருவாக்கிக் கொடுக்கிறார், அதுவும் போதவில்லை, முழுதாகவே சொல்லிக்கொடுக்கிறார், அவன் திருப்பிச் சொல்கிறான். அடுத்தடுத்த நாள்களில் அவர் தரும் பங்கு குறைந்துகொண்டே போகிறது. பதினைந்தாம் நாள் தென்துருவத்துக்கு விஞ்ஞானிகள் ஏன் ஆய்வு செய்யப் போகிறார்கள் என்ற கேள்வியை அவனே நேராகக் கேட்கிறான். ஆசிரியை பாராட்டிவிட்டு விலகிக்கொள்கிறார்.

இந்தப் பதிவின் சாரம் அந்த நான்கு செயல்களில் இல்லை. முதல் நாள் ஆசிரியை சுமந்த வேலையைப் பதினைந்தாம் நாள் சிறுவன் சுமக்கிறான் என்பதில் இருக்கிறது. கண்காணிப்பு என்பது தலைக்குள் நடப்பது, கண்ணுக்குத் தெரியாது. அதைப் பேச்சாக வெளியே கொண்டுவந்து, எல்லோரும் கேட்கும்படி நடத்தி, மெல்ல மாணவர் கையில் ஒப்படைப்பதுதான் ஏற்பாடு. உளவியலாளர் வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம், அதாவது குழந்தை தனியாகச் செய்வதற்கும் உதவியோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பகுதி என்ற கருத்து, இதற்குக் கொள்கைப் பின்புலம். ஆனால் பிரவுனுக்கு அது வகுப்பறைக்குப் போனபின் கிடைத்த அணிகலன் அன்று. 1979-லேயே லூசியா ஃபிரெஞ்சுடன் சேர்ந்து, நுண்ணறிவுச் சோதனைகளை அக்கருத்தின்படி மாற்றியமைப்பது பற்றி எழுதியிருக்கிறார். காம்பியோனுடன் செய்த ஆய்வுகளில், ஒரு சிக்கலைத் தீர்க்க முடியாத குழந்தைக்குச் சிறு குறிப்புகளைப் படிப்படியாகத் தந்து, எத்தனை குறிப்புகள் தேவைப்பட்டன என்று எண்ணினார்கள். குழந்தைக்கு இப்போது என்ன தெரியும் என்பதற்குப் பதில், எவ்வளவு உதவியில் கற்கிறது என்பதே அந்த அளவு. பாம்புப் பத்தியில் ஆசிரியை தந்த உதவியும், தென்துருவப் பத்தியில் தராமல் விட்டதும் அதே குறிப்புக் கணக்குதான். ஆய்வுக்கூடம் வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். பராக் ரோசன்ஷைனும் கார்லா மைஸ்டரும் 1994-இல் பரஸ்பரக் கற்பித்தல் பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார்கள். ஆய்வாளர்களே தயாரித்த தேர்வுகளில் விளைவின் இடைநிலை அளவு 0.88. தரப்படுத்திய தேர்வுகளில் 0.32 மட்டுமே. கற்றல் மாற்றத்தையே மையமாகக் கொண்ட ஆய்வாளரின் முறை, பொதுத் தேர்வுக்குப் போகும்போது சுருங்குகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தரப்படுத்திய தேர்வுகள் சிறு துண்டுகளை வைத்துச் சில்லறைத் தகவல் கேட்பவை என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. இந்த எண்கள் வேறொன்றையும் காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது: எந்தப் பாடத்தோடும் ஒட்டாத துண்டுப் பத்திகளில் புரிதல் உத்தியை மட்டும் பழக்கினால், அதன் பயணத்துக்கு எல்லை உண்டு. இந்த எல்லையைப் பிரவுன் அந்தத் தொகுப்பு வெளிவரும் முன்பே உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய 1980-களின் பிற்பகுதி ஆய்வுகளே சாட்சி.

1988-இல் மேரி ஜோ கேனுடன் சேர்ந்து, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் கற்றல் மாற்றத்தைச் சோதித்தார். விலங்குகள் தம்மைக் காத்துக்கொள்ளும் விதங்கள் பற்றிய கதைகள் பொருளாயின. வேறொரு ஆபத்தான உயிரியைப்போல் தோற்றம் காட்டித் தப்பிக்கும் பூச்சி ஒன்றைப் பற்றிக் கேட்ட பிள்ளைகள், அதே உபாயத்தை இன்னொரு பூச்சிக்குப் பொருத்தினார்கள். ஏன் அப்படி என்று விளக்கத் தூண்டப்பட்டால் இன்னும் நன்றாகவே பொருத்தினார்கள். 1990-இல் வெளியான ஆய்வில் இன்னும் சிறியவர்கள்: எட்டாத தூரத்தில் பொம்மை, பக்கத்தில் பலவகைக் கோல்கள். பழகிய கோலின் நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், போதிய நீளமும் இழுக்க வாகான முனையும் உள்ளதையே அவர்கள் தேர்ந்தார்கள். கற்றல் மாற்றம் அரிது என்ற நெடுநாள் முடிவை இவை அசைத்தன. காரணம் புரிந்த பொருளில் இரண்டு வயதுக் குழந்தைகூட அறிவை இடம்மாற்றுகிறது. அப்படியானால் உத்திகளைத் தனியாகக் கற்பிப்பதைவிட, காரண காரியம் நிறைந்த ஒரு பாடத்துக்குள் வைத்துக் கற்பிப்பதே வழி. ஓக்லாந்து வகுப்பறைகளில் உணவுச் சங்கிலியும் அருகிவரும் உயிரினங்களும் பாடமானதற்குக் காரணம் இந்தச் சோதனைகளில் இருக்கிறது.

அந்த வகுப்புகளில் மாணவர்கள் குழுவுக்கொரு கூறாகப் பிரித்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். பிறகு ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வீதம் கூடி, தத்தம் கூறை மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். தன்னிடமுள்ள கூறு பிறருக்குத் தேவை என்பதால், புரியாத இடத்தை மறைத்துக் கடக்க முடியாது. வகுப்பறையே கண்காணிப்பைக் கேட்டு வாங்கும்படி கட்டப்பட்டிருந்தது. 1992-இல் பிரவுன் வடிவமைப்புச் சோதனைகள் பற்றி எழுதிய கட்டுரையை ஆய்வுக்கூடத்துக்கு விடைகொடுத்த அறிக்கையாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். கட்டுரை சொல்வது வேறு. வகுப்பறையில் பல மாறிகள் ஒன்றாக இயங்குவதால் ஒன்றைத் தனியே பிரித்து ஆராய முடியாது என்று ஒப்புக்கொள்ளும் அவர், அங்கே எழும் கேள்வியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்துத் திரும்பக் கொண்டுவரும் இருவழிப் போக்கையே வலியுறுத்துகிறார். புதுமை என்பதாலேயே மாணவர்கள் முன்னேறினார்கள் என்ற ஹாத்தார்ன் விளைவுக் குற்றச்சாட்டுக்கும் பதில் தருகிறார்: முன்னேற்றம் பொதுவாக வரவில்லை, எதைக் கற்பித்தோமோ அதில் வந்தது.

மாணவர் அறிவை அவர் அளந்த நேர்காணல்களில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சிறுத்தை ஊனுண்ணி என்று ஒரு மாணவர் சரியாகச் சொல்கிறார். வழக்கமான தேர்வு அத்துடன் முடிந்துவிடும். கேட்பவர் நிறுத்துவதில்லை: மான்களே இல்லாமல் போனால் சிறுத்தை தானியம் தின்று பிழைக்குமா? சரியாகச் சொன்ன மாணவர்களிலேயே சிலர் இங்கே தடுமாறி, பிழைக்கும் என்கிறார்கள். அறிவு எங்கே நிற்கிறது, எங்கே சாய்கிறது என்று அந்த உந்துதலில் தெரிந்துவிடுகிறது. படிப்படியாகக் குறிப்புக் கொடுத்த அதே கை, இப்போது படிப்படியாக ஆட்சேபம் கொடுக்கிறது.

பரஸ்பரக் கற்பித்தல் பிற்காலத்தில் பல பள்ளிகளில் நான்கு தலைப்புகள் அச்சிட்ட தாளாகச் சுருங்கியது. மாணவர் வரிசையாகப் பூர்த்திசெய்வார், பேச்சு இருக்காது, பொறுப்பும் கைமாறாது. செயல்முறையைப் பிடித்துக்கொண்டு அடிப்படைக் கொள்கையை விட்டுவிடும் இத்தகைய பிறழ்வுகளை, எட்வர்ட் ஹேர்டலிடமிருந்து எடுத்த சொல்லால் உயிர்கொல்லித் திரிபுகள் என்று பிரவுனும் காம்பியோனும் 1996-இல் சாடினார்கள். அந்தத் தாளைப் பூர்த்திசெய்வதற்கும் பிரவுன் 1981-இல் குருட்டுப் பயிற்சி என்று விலக்கியதற்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஏற்கெனவே தோற்ற முறை, வகுப்பறையில் அவர் பெயரிலேயே திரும்பி வந்திருக்கிறது. அவருடைய தொடக்கக் கால ஆய்வுகளைப் படிக்காதவர்களுக்கு இது கண்ணில் படாது.

ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் ராட்னி காக்கிங்கும் அவரும் சேர்ந்து பதிப்பித்து, அவர் மறைந்த 1999-இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுவின் அறிக்கை, மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்பதைத் தொகுத்துரைக்கிறது. தன்னைத் தானே கண்காணிக்கும் திறனைத் தனிப் பாடவேளை ஒதுக்கிக் கற்பிக்க அது சொல்லவில்லை. அறிவியல், வரலாறு, கணிதம் என ஒவ்வொரு பாடத்தின் உள்ளேயும் அதைப் பின்னச் சொல்கிறது. சிந்தனைத் திறன் வகுப்பு என்று வாரத்துக்கு ஒரு வேளை ஒதுக்கிவிட்டுப் பிரவுனை மேற்கோள் காட்டும் பாடத்திட்டங்கள், அந்தப் பரிந்துரையை 1979-இன் படப் பட்டியல்களோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.