நம் பிள்ளைகளும் ஊவா மாகாணமும்

ஒரு சமூகம் தான் வாழும் நாட்டை அறிந்துகொள்ளும் முதற் பள்ளிக்கூடம் அதன் வீடேயாகும். ஏட்டிலே படித்த மலையும் ஆறும் பரீட்சை முடிந்ததும் மறந்துபோகக்கூடும்; தாயின் இடுப்பிலிருந்து கண்ட மலையும், பாட்டனின் விரலைப் பிடித்துக் கடந்த ஆறும் மறப்பதில்லை. தெமோதரையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு, அவர்கள் பிறந்த ஊவா மாகாணத்தின் இயற்கையையும் சரித்திரத்தையும் பண்பாட்டையும் யார் சொல்லிக்கொடுப்பது? இக்கேள்வியை இம்மலரின் வாயிலாகப் பெற்றோர் முன்னும் இளைஞர் முன்னும் வைக்க விரும்புகின்றோம்.

"அதற்குத்தான் பாடசாலை இருக்கிறதே" என்று சிலர் விடை கூறுவர். பாடசாலையின் அருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. அது நமக்கு எளிதிற் கிடைத்த பொருளும் அன்று. 1945ஆம் ஆண்டில் இந்நாட்டிலே இலவசக் கல்வி மலர்ந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன. 1977ஆம் ஆண்டு முதற்கொண்டுதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. அதுவரையில் நம் பிள்ளைகளுக்குத் தம்மவரைப்பற்றிச் சொல்லிவந்தவை காமன் பொட்டலும், கோயில் வாசலும், அடுப்படியில் அமர்ந்திருந்த ஆத்தாமாரின் வாயுமே. இன்று பாடசாலை வளர்ந்திருக்கிறது, வீடோ வாய்மூடிவிட்டது. நாடு முழுமைக்கும் எழுதப்படும் பாடநூல் நம் மலைகளுக்கும் லயங்களுக்கும் சில வரிகளையே ஒதுக்கமுடியும். எஞ்சியதை வீடு சொல்லாவிடின் வேறெவரும் சொல்லப்போவதில்லை.

இயற்கையிலிருந்து தொடங்குவோம். அதற்குப் புத்தகம் வேண்டியதில்லை. வாசலில் நின்றாற் போதும். நம் பகுதியின் காவல் தெய்வம்போல் நிற்கும் நமுனுகுலை மலை 2,036 மீற்றர் உயரமுடையது. ஒன்பது சிகரம் என்பதே அச்சிங்களப் பெயரின் பொருள். இம்மலைப்புறத்து நீரை ஏந்திவரும் பதுளு ஓயா, பதுளைக்கு அப்பால் துன்ஹிந்தவிலே சுமார் 210 அடி உயரத்திலிருந்து வீழ்ந்து, பின் மகாவலி கங்கையோடு கலந்து திருகோணமலைக் கடலைச் சேர்கின்றது. நமுனுகுலைத் தொடரின் மறுபுறத்தே பிறக்கும் மாணிக்க கங்கையோ தென்கிழக்கே ஓடிக் கதிர்காமத்தை அடைகின்றது. நம் கான்களில் ஓடும் மழைநீர் எந்தக் கடலுக்குப் போகிறதென்று ஒரு பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். அவ்வொரு கேள்வியிலேயே பூமிசாத்திரம் முழுதும் அடங்கிக் கிடக்கின்றது. இலங்கையிலேயே உயரமான நீர்வீழ்ச்சியாகிய 263 மீற்றர் பம்பரகந்தவும், கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலுமவும் நம் பதுளை மாவட்டத்திலேயே உள்ளன என்பதை எத்தனை பிள்ளைகள் அறிவர்?

காற்றும் ஒரு பாடமே. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைக் கடந்து ஊவாவுக்குள் வரண்ட கச்சானாக இறங்குகிறது. அப்பொழுது தேயிலைச் செடியின் வளர்ச்சி தளர்கிறது. கொழுந்தின் மணமோ மிகுகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனிப்பெயர் வாங்கிக் கொடுத்தது அக்காலத்துக் கொழுந்தே. கச்சான் வீசும் வெயிலில் கூடை சுமக்கும் தாய், தன் கையிலிருப்பது இன்ன சிறப்புடைய பொருள் என்று மகளுக்குச் சொல்லவேண்டும்.

இயற்கையின் அழகைச் சொல்லும்போது அதன் சீற்றத்தையும் மறைத்தல் ஆகாது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழவேண்டியிருந்தது. நிலத்தில் வெடிப்புக் காணுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகிய அறிகுறிகளைப் பிள்ளைகள் அறிந்திருப்பது வெறும் பாடமன்று, உயிர்க்காப்பு.

இயற்கையை மனிதன் அறிவினாலும் உழைப்பினாலும் வென்ற கதைக்கு நம் தெமோதரைப் புகையிரதப் பாதையே சான்று. கொழும்பிலிருந்து வந்த பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. ஆனால் பதுளையை எட்ட 1924 வரையில் முப்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன. நாற்பத்துநான்கு அடி தூரத்துக்கு ஓரடிக்கு மேல் பாதை இறங்கக்கூடாது என்பது விதி. தெமோதரையிலோ மலை செங்குத்தாய் இறங்குகிறது. ஆகவே பாதையை மலையைச் சுற்றி வளைத்து, நிலையத்துக்கு நேர் கீழே குகை வெட்டி, தன்னைத் தானே கடந்துசெல்லும்படி அமைத்தனர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையேயுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் நிறைவுற்றது. இரும்புச் சட்டங்களின்றிக் கட்டப்பட்டது. ஏறக்குறைய 300 அடி நீளமும் 80 அடி உயரமும் உடையது.

கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைக் கண்டே இவ்வளைவுப் பாதையின் எண்ணம் பொறியியலாளருக்கு உதித்தது என்றொரு கதை வழங்குகின்றது. இதைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லலாம். ஆயின் கதையைக் கதையென்றும், ஆண்டையும் அளவையும் சரித்திரம் என்றும் பிரித்துச் சொல்லவேண்டும். இவ்விரண்டையும் வேறுபடுத்தும் பழக்கத்தைச் சிறுவயதிலேயே பெற்ற பிள்ளையைப் பிற்காலத்தில் எவரும் எளிதில் ஏமாற்றமுடியாது.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். ஊவாவின் சரித்திரம் தேயிலையோடு தொடங்கவில்லை. 1630ஆம் ஆண்டில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, கண்டி அரசின் படைகளிடம் தோற்று மாண்டது வெல்லவாய அருகேயுள்ள ரந்தெனிவெலையிலே. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் உறவினன். கண்ணுசாமி என்பது அவனது இளமைப் பெயர். வேலூரில் சிறையிருந்து 1832இல் மறைந்தான். இரண்டே ஆண்டுகளில், 1817இல், வெல்லஸ்ஸவிலும் ஊவாவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் முன்னிறுத்திய உரிமையாளன், நாயக்கர் குலத்துத் துரைசாமி தானேயென்று சொல்லிக்கொண்டு வந்தவன். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, மக்களோடு சேர்ந்துகொண்ட கெப்பெட்டிப்பொல திசாவை 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊவாவின் வயல்களும் வாய்க்கால்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன.

இது சிங்களவரின் சரித்திரமே, நமக்கு இதனோடு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. அதே ஆங்கில ஆட்சி 1840ஆம் ஆண்டுச் சட்டத்தினால், உரித்தைக் காட்டமுடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கிக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றது. யானைகள் உலாவிய காடுகள் வெட்டப்பட்டன. பதுளையில் உத்தியோகம் பார்த்து, 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் மாத்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். அந்நிலத்தில் உழைப்பதற்கே திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் பஞ்சத்தினாலும் கடனாலும் ஆசை வார்த்தையாலும் அழைத்துவரப்பட்டனர். நிலத்தை இழந்தவர் கிராமத்தவர். உழைப்பை இழந்தவர் நம்மவர். ஆதாயம் அடைந்தவர் வேறு. இவ்வுண்மையை இருபக்கத்துப் பிள்ளைகளும் அறிந்துவிட்டால், அயலவரைப் பகைப்பதற்கு இடமேது?

நம் முன்னோரின் முதல் வருகையை 1823ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்லுதல் மரபாகியுள்ளது. இருநூறாண்டு நிறைவில், 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரையில், அவர்கள் வந்த வழியே ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அன்று மன்னார்க் காட்டு வழியில் காய்ச்சலாலும் பேதியாலும் வீழ்ந்தவர்க்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைத் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். லிப்டன் பெயரை உலகம் அறியும். அங்கே கொழுந்தெடுத்தவரின் பெயரைச் சொல்ல அவர்தம் பேரப்பிள்ளைகளே உளர்.

பிற்காலத் துயரையும் மறைக்கலாகாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது, வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்க்கலாமென விட்டுவைத்தது. அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் ஆயினர். அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி". நாம் பெருமையுடன் பிள்ளைகளுக்குக் காட்டும் பாலங்களின்மேலேயே அக்கண்ணீரும் சென்றது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல் தான் வந்தது. ஆதலின் நம் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பழைய பிரஜாவுரிமைப் பத்திரம் வெறுங் கடதாசியன்று. அதுவும் ஒரு சரித்திர ஏடு. அது கறையானுக்கு இரையாகாது காக்கப்படவேண்டும்.

பண்பாட்டைப்பற்றிச் சொல்லவேண்டுமாயின் கதிர்காமத்தை முதலிற் சொல்லவேண்டும். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய அத்திருத்தலம் நம் ஊவா மாகாணத்திலேயே, மொனராகலை மாவட்டத்தில் இருக்கின்றது. அங்கே திரைக்கு முன்னின்றே வணங்குகின்றோம். கப்புறாளைமார் வாயைத் துணியாற் கட்டிப் பூசை செய்கின்றனர். இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் கூடுகின்றனர். வேடர் குலத்து வள்ளியை மணந்த முருகன் சாதி பார்க்கவில்லை என்பதை அவ்வீதியிலே நின்று பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடச் சிறந்த சமய பாடம் இல்லை.

தோட்டத்திலும் நமக்கென ஒரு பண்பாடு உண்டு. மாசியிலே காமன் கூத்து. எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடியவிடியப் பாடும் லாவணி. தொழிற்சாலைக்குக் காவலாக வணங்கும் ரோதைமுனி. கவ்வாத்துத் தொடங்குமுன் பொங்கல் பெறும் கவ்வாத்துச்சாமி. இவற்றை நாகரிகமற்றவை என்று எண்ணி நம் படித்த இளைஞர் ஒதுங்கி நிற்றல் தகாது. சொற்களிலும் சரித்திரம் உறைகின்றது. லயம், பெரட்டு, கொந்தரப்பு என்னும் சொற்கள் ஆங்கிலத் துரைமாரின் வாயிலிருந்து வந்து நம் நாவில் தமிழானவை என்பர். தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்றிருக்க, நம்மவர் வைத்த தமிழ்ப் பெயர் வேறொன்றாக இருக்கும். அப்பெயரின் காரணத்தை அறிந்த முதியோர் மறையுமுன் கேட்டு எழுதிவைத்தல் அவசியம். மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் காட்டிய வழி இதுவே.

காலையில் பெரட்டுக்குப் போய் அந்தியில் திரும்பும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரமேது என்பது நியாயமான கேள்வியே. நாம் நீண்ட பாடத்தைக் கேட்கவில்லை. ரொட்டி சுடும் நேரத்தில் ஒரு கதை, போயா நாளில் ஓர் இடம், ஆண்டுக்கு ஒரு குறிப்புப் புத்தகம் இருந்தாற் போதும். அப்புத்தகத்திலே பிள்ளை தன் கையால் எழுதட்டும்: நம் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தனர்? எந்தக் கங்காணியோடு? இத்தோட்டத்தில் எத்தனை தலைமுறை? யார் யார் இந்தியாவுக்குப் போயினர்? இன்று எங்கே இருக்கின்றனர்? தெரியாத விடைக்கு இடம் விட்டுவைக்கட்டும். அடுத்த வீட்டுத் தாத்தா அதை நிரப்பக்கூடும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையிடம் ஊர்ப் பெயர்களின் பொருளைக் கேட்டு எழுதட்டும். இருவருக்கும் அதனால் நன்மையே.

இதில் என்ன பயன் என்று கேட்போருக்கு ஒரு வார்த்தை. தொழில் தேடிக் கொழும்புக்குச் செல்லும் நம் இளைஞரிற் பலர், எந்த ஊர் என்று வினவினால் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசி, "பதுளைப் பக்கம்" என்று சொல்லி நிறுத்துகின்றனர். தன் மூதாதையர் வெட்டிய பாதையையும் நட்ட செடியையும் அறியாதவன், பத்தடிக் காம்பராவே தனக்கு விதித்தது என்று எண்ணிவிடுவான். அறிந்தவனோ காணியையும் வீட்டையும் சலுகையாகக் கேளாமல் உரிமையாகக் கேட்பான்.

ஆதலின் நமது சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் ஒரு முதியவரின் வாய்மொழியையாவது எழுதிக்கொணர வேண்டுமென்றும், அவற்றுட் சிறந்தவை அடுத்த மலரில் இடம்பெற வேண்டுமென்றும் கேட்டுக்கொள்கின்றோம். பெரியோர் தயங்காது வாய்திறந்து சொல்வார்களாக. இளையோர் பொறுமையோடு கேட்பார்களாக. இப்பணி இனிது நிறைவேற மாணிக்க கங்கைக் கரையில் எழுந்தருளியிருக்கும் கதிர்காமக் கந்தன் திருவருள் துணைநிற்பதாக.