வங்கத்துச் சிரிப்புப் பாடல்கள்

வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்விடத்து மொழியை முதலில் கொண்டுவந்து தருவது பெரும்பாலும் வீட்டுக் குழந்தையே. வங்காளத்தில் வாழும் நம்மவர் இல்லங்களில் அவ்வாறு நுழையும் விளையாட்டுப் பாடல்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சிறிது நோக்குவோம்.

வங்க மொழியில் இப்பாடல்களைச் 'சடா' என்பர். பாட்டியர் நாவில் வளர்ந்தவை இவை. எல்லாம் வெறும் வேடிக்கையும் அல்ல. 1740-களில் மராத்தியக் குதிரைப் படையினர் வங்கத்தைச் சூறையாடினர். 1751-ல் நவாப் அலிவர்தி கான் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே அத்தொல்லை ஓய்ந்தது. அந்தப் படையின் வருகையையும், குருவி தின்ற நெல்லையும், கட்ட வழியில்லாத வரியையும் கூறும் பாட்டே இன்றும் அங்கே தாலாட்டாக ஒலிக்கிறது. ஏடுகள் எழுதாத ஏழையின் அச்சத்தைத் தொட்டில் காத்து வைத்தது.

1890-களில் இரவீந்திரநாத தாகூர் இப்பாடல்களைத் திரட்டி, அவற்றின் அழகை ஆராய்ந்து எழுதினார். 1899-ல் யோகீந்திரநாத் சர்க்கார் 'குகுமணிர் சடா' என்னும் தொகுப்பை வெளியிட்டார். நாவில் இருந்தது நூலில் ஏறியது.

அடுத்து வந்தவர் சுகுமார் ராய். அவர் தந்தை உபேந்திரகிஷோர் 1913-ல் 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அச்சொல்லுக்குச் செய்தி என்றும் பொருள், இனிப்புப் பண்டம் என்றும் பொருள். 1915-ல் தந்தை மறையவே, இங்கிலாந்தில் அச்சுக்கலை பயின்று திரும்பியிருந்த மகன் இதழை ஏற்றார். வாத்தும் முள்ளம்பன்றியும் ஒன்றாய்க் கலந்த விலங்கு, யானையும் திமிங்கிலமும் ஒட்டிய பிராணி முதலியவற்றை அவர் படைத்தார். படங்களும் அவரே வரைந்தார். அக்கலவைப் பாட்டின் பெயர் 'கிச்சுடி'; நம் கிச்சடிக்கு உறவான சொல்தான். தடுக்கி விழுந்தவனையும் காவலர் பிடித்துத் தண்டம் விதிக்கும் நாட்டைப் பற்றியும் பாடினார். அந்நிய ஆட்சியில் வாழ்ந்த பெரியோர் அதனைக் கேட்டு, குழந்தைகளுக்குத் தெரியாத வேறொரு காரணத்தால் நகைத்திருப்பர் என்பது நம் கருத்து.

1921-ல் அவரைக் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் பற்றியது. அதே ஆண்டில்தான் மகன் சத்தியஜித் பிறந்தார். படுக்கையில் இருந்தபடியே பாடல்களைத் தொகுத்துப் பக்கங்களை அமைத்தார் சுகுமார். 1923 செப்டம்பர் 10-ஆம் நாள், முப்பத்தாறு வயது நிறையுமுன் மறைந்தார். 'ஆபோல் தாபோல்' என்னும் அந்நூல் ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது. நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' இதழை 1961-ல் கவிஞர் சுபாஷ் முகோபாத்தியாயருடன் சேர்ந்து மீண்டும் நடத்தினார் சத்தியஜித் ராய்.

மரணம் அருகில் நின்றபோதும் ஒரு தந்தை குழந்தைகளுக்கு விட்டுச் சென்றது சிரிப்பையே. நூறாண்டு கடந்தும் வங்க வீடுகளில் தாத்தாவும் பேரனும் அதனைச் சேர்ந்து சொல்லி மகிழ்கின்றனர். இப்பாடல்கள் வாழ்வது ஏட்டினால் மட்டுமன்று, வீட்டில் வாய்விட்டுச் சொல்வோர் இருப்பதனாலும் ஆகும்.

நேயர்களே, நம் குழந்தை வங்கப் பாட்டைச் சொல்லி வந்தால் நாமும் உடன் சிரிப்போம். அயலாரின் அன்பு அவ்வழியே வரும். அன்றிரவே அழ. வள்ளியப்பாவின் பாட்டொன்றையும் சொல்லிக்கொடுப்போம். தமிழகத்தில் தெரு தரும் தமிழைப் பிற மாநிலத்தில் வீடே தர வேண்டும். இரண்டு மொழியில் சிரிக்கத் தெரிந்த குழந்தைக்கு எந்த ஊரும் அயலூர் ஆகாது.