மலாக்காவும் இருப்புப் பாதையும்

ஒரு நாட்டின் செல்வம் எத்திசை நோக்கிப் பாய்கின்றது என்பதை அறிய விரும்புவோர் அந்நாட்டின் பாதைகளை நோக்கினால் போதும். பாதை எதற்காக இடப்பட்டது, அதனால் பயன் பெற்றவர் யாவர் என்னும் இரு வினாக்களுக்கும் மலாக்காவின் இருப்புப் பாதை வரலாறு விடை தருகின்றது.

மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885ஆம் ஆண்டில் தைப்பிங் நகரையும் போர்ட் வெல்ட் துறையையும் இணைத்தது. அது ஈயத்துக்காக இடப்பட்டது. மலாக்காவிலோ 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். தோட்டங்கள் பெருகின. 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குக் கிளைப் பாதை திறக்கப்பட்டது. மலாயாவின் இருப்புப் பாதைகளில் மண்ணும் கல்லும் சுமந்தோருள் பெரும்பாலோர் தமிழர். ஆயினும் பாதைகளின் போக்கை வகுத்தவை ஈயமும் ரப்பரும் துறைமுகமுமே.

ஜப்பானியர் ஆட்சியில் அக்கிளைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட மரண இரயில் பாதைக்கு அவை கொண்டு செல்லப்பட்டன. அப்பாதைக்கே மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவரும் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். போருக்குப் பின்னும் மலாக்காக் கிளைப் பாதை மீண்டும் இடப்படவில்லை. அன்று முதல் மலாக்கா நகருக்கு இரயில் இல்லை. 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பூலாவ் செபாங் நிலையமே அதன் இரயில் வாயிலாயிற்று.

எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு பெருங்கனவு பிறந்தது. கோலாலம்பூரையும் சிங்கப்பூரையும் 90 நிமிடங்களில் இணைக்கும் அதிவேக இரயில் திட்டத்தை இரு நாட்டு அரசுகளும் 2013இல் அறிவித்தன. 2016 டிசம்பரில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளப் பாதையில் எட்டு நிலையங்கள். மலாக்காவுக்குரிய ஒன்று ஆயர் குரோவில் அமையவிருந்தது. 2018இல் ஆட்சி மாறியது. திட்டத்துக்கு 11,000 கோடி ரிங்கிட் ஆகும் என்று பிரதமர் மகாதீர் கூறினார். பணி ஒத்திவைக்கப்பட்டு, 2020 டிசம்பர் இறுதியில் உடன்பாடு முடிவுற்றது. இழப்பீடாகச் சிங்கப்பூருக்கு 32 கோடி ரிங்கிட்டுக்கு மேல் செலுத்தப்பட்டது. 2023இல் அரசு தன் நிதிச் சுமையைத் தவிர்க்கக் கருதித் தனியாரிடம் கருத்துருக்களைக் கோரியது.

இதற்கிடையே ஆரவாரமின்றி மற்றொரு பணி நிறைவேறியது. சிரம்பானுக்கும் கிம்மாசுக்கும் இடையே 98 கிலோமீட்டர் மின்சார இரட்டைப் பாதை 2013இல் முடிந்தது. அதனைக் கட்டியது இர்க்கான் என்னும் இந்திய அரசு நிறுவனம். பூலாவ் செபாங் இப்பாதையிலேயே உள்ளது. எனவே மலாக்கா மாநில மக்கள் மின்சார இரயிலில் கோலாலம்பூர் செல்ல முடிகின்றது. ஆனால், அந்நிலையத்தை அடைவது எவ்வாறு?

ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டபின் தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டங்களை விட்டு ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல், அலோர் காஜா ஆகிய ஊர்ப்புறத் தாமான்களுக்குப் பெயர்ந்தன. மகிழுந்து இல்லாத முதியவருக்கும் மாணவருக்கும் பேருந்தே கால். மருத்துவமனைக்குச் செல்பவர் சிங்கப்பூரை எத்தனை நிமிடத்தில் அடையலாம் என்று எண்ணுவதில்லை; பேருந்து எப்போது வரும் என்றே எண்ணுகின்றார். அதிவேக நிலையம் ஆயர் குரோவில் எழுந்திருப்பினும், ஜாசின் தோட்டத்தார் அதனை அடையப் பேருந்து வேண்டியிருந்திருக்கும்.

விரைவு வேண்டா என்பது இதன் பொருளன்று. 1964இல் ஜப்பான் தோக்கியோவுக்கும் ஓசாகாவுக்கும் இடையே அதிவேக இரயிலை ஓட்டி உலகை வியக்கச் செய்தது. அங்கு இறங்கிய பயணிகளை ஏற்றிச் செல்ல ஊர் இரயில்களும் பேருந்துகளும் முன்னரே இருந்தன. கிளைகள் தழைத்த பின்னரே அங்கு உச்சி உயர்ந்தது.

பொது நிதி பொதுமக்களின் வியர்வை. ஈயத்துக்கும் ரப்பருக்கும் இடப்பட்ட பாதைகளைத் தம் தோள்களால் தாங்கியோரின் பேரப்பிள்ளைகள் இன்று வரி செலுத்துகின்றனர். ஒரு திட்டத்தை இரயிலின் வேகத்தால் மட்டும் அளத்தல் போதாது. வீட்டு வாயிலிலிருந்து நிலையம் வரை செல்ல வழியுண்டா என்பதாலும் அளத்தல் வேண்டும். மலாக்கா இழந்த கிளைப் பாதை உணர்த்தும் பாடம் அதுவே.